பழைய அரும்பொருளகக் கட்டடத்தில் கச்சேரி வைப்பது எப்படி? சிங்கப்பூர் அமைப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழு முதன்முதலாக ஒரு பழைய கட்டடத்தில் கச்சேரி வைத்தபோது தொடக்கம் அருமையாக இருந்தது. ஆலாபனையில் பாடகியின் குரல் கூரை வரை போய்த் திரும்பி வந்து தம்பூராவோடு கலந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. மிருதங்கத்தின் ஒரு சொல், அதாவது ஒரு தட்டின் ஓசை, அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழுந்தது. கோர்வை (முத்தாய்ப்பான தாளக் கோப்பு) எங்கே முடிந்தது, எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) எங்கே வந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். வித்வான் வாசித்ததில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் அதை வாசிக்கச் சொன்ன எங்கள்மேல்தான் குறை.

அதற்குப் பிறகு நான் கைக்கொள்ளும் வரிசை இதுதான்: முதலில் கட்டடம், பிறகு பாட்டு. கலைஞரை ஒப்பந்தம் செய்துவிட்டு இடம் தேடினால் பழைய கட்டடங்கள் ஒத்துழைக்காது. கட்டடத்தைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ற பாட்டையும் வாத்தியத்தையும் தேடினால், எந்தப் புது அரங்கமும் தராத ஒரு மாலையை அது தரும்.

1. கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சிங்கப்பூரில் அரும்பொருளகமாகவோ கலைக்கூடமாகவோ இருக்கும் பழைய கட்டடங்கள் பல. கச்சேரிக்காக யோசிக்கக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஆற்றோரம் எம்பிரஸ் பிளேசில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதன் முதல் பகுதியை 1864 முதல் 1867 வரை கட்டினார்கள். வரைபடம் அரசுப் பொறியாளர் மெக்நேருடையது. கட்டிய கைகள் கைதிகளுடையவை. 1825இல் சுமத்ராவில் உள்ள பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் இங்கே வந்தார்கள். பிறகு சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், செங்கல் சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியதும் அவர்கள்தான். அதன் உட்சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரும் சேர்த்துப் பூசினார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் அறிந்திருந்த பூச்சுதான் அது. 1873இல் கைதிகளை இங்கே வைத்திருக்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. கட்டடங்கள் நிற்கின்றன.

எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்துக்கு நம்மோடு இன்னொரு உறவும் உண்டு. அரும்பொருளகம் 2003இல்தான் அங்கே வந்தது. 1980களின் பிற்பகுதி வரை பிறப்பு, இறப்புப் பதிவகமும் குடியுரிமைப் பதிவகமும் குடிநுழைவு அலுவலகமும் அங்கேதான் இருந்தன. என் பெரியப்பா குடியுரிமைச் சான்றிதழ் வாங்க அங்கே வரிசையில் நின்ற கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய ரசிகர் ஒருவரை அந்த வாசலுக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். கச்சேரிக்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது, ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் உள்ள தேசிய அரும்பொருளகம். 1887 அக்டோபரில் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமுமாகத் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடி பதித்த குவிமாடம் அதன் உயிர். 2006இல் பின்புறம் கண்ணாடிக் கட்டடம் சேர்ந்தது. 2023இல் பகுதி பகுதியாக மூடிப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. நாள் குறிக்கும் முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைதிகளின் சிறை இருந்ததும் இந்தப் பிராஸ் பாசா வட்டாரத்தில்தான். பக்கத்தில் இருக்கும் பென்கூலன் எம்ஆர்டி நிலையத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

மூன்றாவது, தேசியக் கலைக்கூடம். 1929இல் முடிந்த நகர மண்டபத்தையும் 1939இல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015 நவம்பரில் திறந்தார்கள். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படை சரணடைந்து கையெழுத்திட்டது நகர மண்டபத்தின் பெரிய அறையில். அங்கே பாடுகிறவருக்கு அந்தச் சுவர்களின் கதையை முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டின் தேர்வே மாறும்.

2. அரும்பொருளகத்தை அணுகுதல்

"ஹால் வாடகை எவ்வளவு?" என்று தொடங்கினால் விலைப்பட்டியல் வரும், அவ்வளவுதான். "உங்கள் சேகரிப்போடு எங்கள் இசை இப்படிப் பொருந்துகிறது" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நிகழ்ச்சி வகுக்கும் அதிகாரி ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில், 9ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பலின் பீங்கான்கள் இருக்கின்றன. கடலையும் கலத்தையும் வணிகரையும் பாடும் தமிழ்ப் பாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த இரண்டையும் ஒரு மாலையில் சேர்க்கலாமே.

கடிதத்தில் இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை கலைஞர்கள், எத்தனை ரசிகர்கள், எவ்வளவு நேரம், மேடை வேண்டுமா, மின்சாரம் எவ்வளவு. எட்டு, ஒன்பது மாதங்களுக்கு முன்பே எழுதுவது நல்லது. கண்காட்சிகளின் நாள்காட்டி வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிப்பதானால் அரும்பொருளகத்தின் ஒப்புதல் கடிதம் கையில் இருப்பது பெரிய பலம்.

3. கைதட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

மண்டபத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதிகாரியோடு போய், கலைஞர் உட்காரப்போகும் இடத்தில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை முழுவதும் அடங்கும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வினாடிக்குள் அடங்கினால் முழுக் கச்சேரியும் தாராளமாக வைக்கலாம். இரண்டு வினாடி என்றால் பாட்டுப் பட்டியலில் கைவைக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் தாளத்தை நம்பிய எதையும் அங்கே வைக்காதீர்கள்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆதி தாளத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 0.8 வினாடி என்று வையுங்கள். துரித காலத்தில் அதற்குள் எட்டுச் சொல் விழுந்தால் சொல்லுக்கு 0.1 வினாடி. ஓசை முற்றிலும் அடங்க 3 வினாடி ஆகும் மண்டபத்தில், முதல் சொல் மறைவதற்குள் இன்னும் முப்பது சொல் அதன்மேல் வந்து குவியும். எங்கள் முதல் கச்சேரியில் நடந்தது அதுதான்.

ஆனால் காலி மண்டபத்தில் கேட்பது முழு உண்மையும் அல்ல. மனித உடலும் துணியும் ஓசையை உறிஞ்சும். ஒலியியலில் சேபின் சூத்திரம் என்று ஒன்று உண்டு: மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். 1,500 கன மீட்டர் கொண்ட கல்லும் சுண்ணாம்புமான அறை, உறிஞ்சும் பரப்பு 80 சதுர மீட்டர் என்று வைத்தால், 3 வினாடி. அதில் நூறு பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு ஏறக்குறைய அரை சதுர மீட்டர் கூடி 130 ஆகும். இப்போது நேரம் 1.9 வினாடியை ஒட்டி வந்துவிடும். நூறு ரசிகர்கள் மண்டபத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறார்கள். பட்டுப்புடவையும் பருத்தி வேட்டியும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால்தான் மாலை ஒத்திகையில் "ஐயோ, ஒன்றுமே கேட்கவில்லையே" என்று கலைஞர் பதறினால் அவரை அமைதிப்படுத்துங்கள். ஆள் வந்ததும் மாறும்.

குவிமாடத்தின் கீழே நேர்மையத்தில் மேடை போடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், புகைப்படக்காரர் கெஞ்சுவார். ஆனால் வளைந்த கூரை ஓசையைத் திரட்டி மையத்துக்கே திருப்பி அனுப்பும். பாடகருக்குத் தன் குரலே சற்றுத் தாமதமாகத் தலைமேல் வந்து விழும். சுருதியைப் பிடிக்கவே திணறுவார். மையத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, சுவரை ஒட்டிப் போடுங்கள்.

இன்னொன்று, நெருக்கம். மேலே சொன்ன அளவுள்ள அறையில், பாடகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போனாலே நேராக வரும் குரலைவிடச் சுவரில் பட்டு வரும் ஓசை மிஞ்சிவிடும். எனவே நீளமான வரிசைகள் வேண்டாம். கலைஞர்களைச் சுற்றி அரைவட்டமாக, முதல் வரிசையை ஜமக்காளத்தில் தரையிலேயே உட்காரவையுங்கள். மேடை அரை மீட்டர் உயரம் போதும். ஜமக்காளமும் ஓசையை உறிஞ்சும். அது வீட்டுக் கச்சேரியின் நெருக்கத்தையும் தரும்.

4. பட்டியல் போடுதல்

மூன்று வினாடி மண்டபத்துக்கு எது பொருந்தும்? நிதானமாக விரியும் ராக ஆலாபனை. தேவாரமும் விருத்தமும். புல்லாங்குழல். தாளம் இல்லாமல் நெஞ்சிலிருந்து எழும் எதுவும் அங்கே ஒளிரும். குவிமாடம் குரலைத் தாங்கிப் பிடிக்கும். தம்பூரா ஒன்று பத்தாகக் கேட்கும்.

துரித காலச் சிட்டஸ்வரம், அடுக்கடுக்கான கல்பனாஸ்வரம், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல், கடமும் கஞ்சிராவும் சேர்ந்த தனி ஆகியவற்றை அரும்பொருளகத்தின் அரங்கத்துக்கு மாற்றுங்கள். பல அரும்பொருளகங்களில் நாற்காலி போட்ட சிறிய அரங்கம் தனியாக உண்டு. நாங்கள் இப்போது ஒரே மாலையை இரண்டாகப் பிரித்துவிடுகிறோம்: முதல் நாற்பது நிமிடம் பழைய மண்டபத்தில் குரலும் வயலினும் மட்டும், பிறகு எல்லோரும் நடந்து அரங்கத்துக்குப் போனதும் மிருதங்கத்தோடு மீதி. ரசிகர்கள் நடக்கும் அந்தப் பத்து நிமிடம் வீண் என்று முதலில் நினைத்தேன். அவர்கள் காட்சிப் பொருள்களுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டு போனதைப் பார்த்தபின் அதை வேண்டுமென்றே வைக்கத் தொடங்கினேன்.

மிருதங்க வித்வானை மண்டபத்துக்கே வரச்சொல்வதானால் முன்பே மனம்விட்டுப் பேசுங்கள். தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி என்னும் உறுமல் ஓசை இப்படிப்பட்ட அறையில் நெடுநேரம் அடங்காமல் நிற்கும். அனுபவசாலிகள் இடைவெளி விட்டு, வலந்தலையை (வலப்பக்கத் தோலை) அதிகம் நம்பி வாசிப்பார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் வேண்டுமென்றால் வெளி முற்றத்தில் வையுங்கள். மங்கள இசையோடு ரசிகர்களை வாசலில் வரவேற்கலாம். உள்ளே வேண்டாம்.

5. அனுமதிகள்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

பொது இசை நிகழ்ச்சிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவையா, உங்கள் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யார் விண்ணப்பிப்பது, நீங்களா அரும்பொருளகமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கலைஞர் வந்தால் மனிதவள அமைச்சின் விதிகளைப் பாருங்கள். அரசாங்கமோ ஆணைபெற்ற கழகமோ ஆதரிக்கும் நிகழ்ச்சியில் பாடுவது, வேலை அனுமதி தேவைப்படாத நடவடிக்கைகளில் ஒன்று. ஓர் ஆண்டில் 90 நாள் வரை. ஆனால் கலைஞர் இங்கே வந்து இறங்கிய பிறகு, மேடையேறும் முன், இணையத்தில் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே இதை முடித்துவிடுங்கள். அவருக்குத் தரும் சன்மானத்தில் 15 விழுக்காட்டை வரியாகப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியதும் உங்கள் பொறுப்பு. தொகை பேசும்போதே "கையில் கிடைப்பது இவ்வளவு" என்று சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

காப்புரிமையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இயற்றியவர் மறைந்து 70 ஆண்டு வரை பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கோ 1921இல் மறைந்த பாரதியின் பாடல்வரிகளுக்கோ கவலையில்லை. ஆனால் பாரதி பாட்டுக்குப் பிற்காலத்தில் ஒருவர் மெட்டமைத்திருந்தால் அந்த மெட்டு வேறு கணக்கு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்; அவர் பாடல்கள் பாடுவதானால், இசைக் காப்புரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள்.

6. குத்துவிளக்கு, பூ, ரவை

இங்கேதான் நம் பழக்கமும் அரும்பொருளகத்தின் விதியும் நேருக்கு நேர் வருகின்றன. இருநூறு வருடத் துணியையும் மரத்தையும் காப்பாற்றுவது அவர்கள் வேலை. நெருப்பு, ஈரம், பூச்சி, வெளிச்சம் நான்கும் அவர்களுக்குப் பகை.

குத்துவிளக்கு ஏற்ற அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சிந்தினால் பளிங்கில் கறை நிற்கும். புகை உணர்கருவி அலறினால் கட்டடமே காலியாகும். திரியில்லாத மின்விளக்கு வைத்த குத்துவிளக்கைக் கொண்டுபோங்கள், அல்லது வாசலுக்கு வெளியே ஏற்றி வணங்கிவிட்டு உள்ளே வாருங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தில் எறும்பும் சின்னஞ்சிறு பூச்சியும் ஒளிந்திருக்கும். காட்சிக்கூடத்துக்குள் புதுப்பூ வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மனம் நோக வேண்டியதில்லை. பொன்னாடை போர்த்துங்கள், மாலையை வெளி முற்றத்தில் போடுங்கள்.

ரவை! மிருதங்கத்தின் தொப்பியில் அப்ப வித்வான் ரவையைத் தண்ணீரில் பிசைவார். அரும்பொருளகத்துக்கு அது உணவுப்பொருள். ஒரு துணுக்கு சிந்தினாலும் பூச்சிக்கு விருந்து. இதை முன்கூட்டியே அதிகாரியிடம் விளக்குங்கள். கலைஞர் அறையிலேயே பிசைந்து அப்பிவிட்டு வருவது, மேடையில் மிருதங்கத்தின் கீழே அகலமான துண்டு விரிப்பது, கழட்டிய ரவையை மூடிபோட்ட டப்பாவில் வெளியே கொண்டுபோவது என்று மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள். சுருதி சேர்க்கும் கல்லும் புள்ளும் (சிறு மரக்கட்டையும்) தரையில் விழுந்தால் பழைய ஓடு விரிசல் விடலாம், அதற்கும் அந்தத் துண்டுதான் காவல். பாடகரின் வெந்நீர் பிளாஸ்க்குக்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.

7. வாத்தியங்களும் குளிரும்

சிங்கப்பூரின் வெளிக்காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அரும்பொருளகத்தின் உள்ளே பெரும்பாலும் 55 முதல் 60 வரைக்குள் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வந்த மிருதங்கத்தின் தோல் உள்ளே காயக் காய இறுகும், சுருதி ஏறும். கச்சேரி நடுவே வித்வான் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். வாத்தியங்கள் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே, உறையிலிருந்து எடுத்து, மேடை இருக்கும் அதே காற்றில் இருக்கட்டும். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்கவேண்டாம். இரண்டாவது மிருதங்கம் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வீணைக்கு வேறு ஆபத்து. அதன் மேளம், அதாவது தந்திகளின் கீழே இருக்கும் உலோக மெட்டுகளின் வரிசை, மெழுகில் நிற்கிறது. நண்பகலில் லாரிக்குள் மூடிவைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். வீணையை டாக்சியில், மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

8. மைக்கும் விளக்கும்

பெரிய ஸ்பீக்கர் இரண்டை முன்னால் வைத்து ஒலியைக் கூட்டினால் அறை இன்னும் குழம்பும். சிறிய ஸ்பீக்கர்கள் நான்கை ரசிகர்களுக்கு அருகே, காது உயரத்தில், தணிந்த ஒலியில் வையுங்கள். அடிமட்ட ஓசைக்கான பெரிய பெட்டியை எடுத்தே வராதீர்கள். அந்த அதிர்வு கண்ணாடிப் பேழைகளுக்கும் ஆகாது. அறுபது பேருக்குள் என்றால் மைக்கே இல்லாமல் ஒருமுறை முயன்று பாருங்கள். பாடகர் தயங்குவார். பத்து நிமிடத்தில் அவரே மைக் வேண்டாம் என்பார்.

விளக்கு விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். பழைய துணிகளுக்கும் ஓவியத் தாள்களுக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் அளவு. எண்ணெய் ஓவியங்களுக்கு ஏறக்குறைய 200. கலைஞர் முகத்துக்குப் போடும் விளக்கு பின்னாலிருக்கும் பேழைமேல் சிதறக்கூடாது. ஒளிப்பதிவாளரிடம் ஃபிளாஷ் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

9. கச்சேரி நாள்

பெரும்பாலும் மாலை 7 மணிக்கு அரும்பொருளகம் மூடும். அதுவரை பார்வையாளர் இருப்பார்கள் என்பதால் மண்டபத்தில் மேடை போட உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். கலைஞர் அறையும் வாத்தியங்களும் 5 மணிக்கே தயாராகட்டும். மேடையும் ஜமக்காளமும் 7 மணிக்குப் போய், 7.30க்கு ஒத்திகை, 8 மணிக்குக் கதவு, 8.15க்குத் தொடக்கம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். பாதுகாவலர்களின் கூடுதல் நேரக் கூலி உங்கள் கணக்கில் வரும், இரண்டு மணி தாண்டினால் தரையில் உட்கார்ந்தவர்களுக்கும் முடியாது.

நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் உறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கு எந்த மின்தூக்கி என்பதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். பழைய கட்டடங்களில் முன்வாசல் படிக்கட்டு பெரும்பாலும் அவர்களுக்கு உதவாது. தொண்டூழியர் ஒருவர் முழு நேரமும் காட்சிப் பேழைகளின் பக்கம் நிற்கட்டும். பிள்ளைகள் சாய்வார்கள்.

முதல் உருப்படிக்கு முன் மூன்று நிமிடம் எடுத்து, ரசிகர்களிடம் இந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள் என்று தமிழில் சொல்லுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பல இளையர்களுக்கு அது புதுச்செய்தியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து மேடையைக் கழற்றியதும் அதிகாரியோடு கைவிளக்கு எடுத்துக்கொண்டு தரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். ரவைத் துணுக்கு, உதிர்ந்த பூவிதழ், வயலின் வில்லின் குங்கிலியத் தூள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் ஈரத்துணியால் இல்லாமல் அவர்கள் தரும் துடைப்பத்தால் எடுங்கள். ஜமக்காளத்தை உள்ளே உதறாதீர்கள். அப்படியே சுருட்டி, வெளியே ஆற்றங்கரை வரை தூக்கிப் போய் உதறுங்கள்.